வழித்துணை



பாயான் பாருவில் எங்கள் தேவார வகுப்பில் போன மாதம் ஒரு தங்கை ஒரு கேள்வி கேட்டாள். படிவம் ஐந்து முடித்துவிட்டு கோலாலம்பூருக்குப் படிக்கப் போகப்போகிறவள். "அக்கா, வீட்ல தினமும் கந்த சஷ்டி கவசம் சொல்றோம். முருகன் கூடவே வருவார்னு நம்புறோம். அப்புறம் எதுக்கு அம்மா பஸ் நம்பரை அனுப்பு, இறங்கினதும் மெசேஜ் போடுன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க? அம்மாவுக்கே நம்பிக்கை இல்லையா?"

எல்லோரும் சிரித்துவிட்டோம். ஆனால் நல்ல கேள்வி அது. நம்மில் பல பேர் இந்த வயதில்தான் முதல் தடவையாகத் தனியாகப் பயணம் போகிறோம். சுங்கை நிபோங் நிலையத்தில் இரவு பஸ் ஏறுகிறோம். ஃபெர்ரியில் போய் பட்டர்வொர்த்தில் ரயில் பிடிக்கிறோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பயிற்சிக்குச் சேர்ந்து, ஷிப்ட் முடிந்து நள்ளிரவில் வீடு திரும்புகிறோம். சில பேர் தமிழ்நாட்டுக் கோயில்களைப் பார்க்கத் தனியாகவே விமானம் ஏறுகிறார்கள். அப்போதெல்லாம் பாதுகாப்பாக இருப்பது எப்படி? அதில் சாமிக்கு என்ன பங்கு, நமக்கு என்ன பங்கு? அந்தத் தங்கைக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

மிளகு வியாபாரியும் வழித்துணைநாதரும்

வேலூர் பக்கத்தில் பாலாற்றங்கரையில் விரிஞ்சிபுரம் என்று ஒரு தலம் இருக்கிறது. அங்குள்ள சிவபெருமானுக்கு மார்க்கபந்தீசுவரர் என்று பெயர். தமிழில் வழித்துணைநாதர். பெயர்க்காரணம் தலபுராணத்தில் இருக்கிறது. மிளகு மூட்டைகளோடு ஒரு வணிகர் அந்த வழியாகப் போகிறார். மேலே உள்ள பாதையில் கள்வர் பயம். கோயிலுக்கு வந்து, "சாமி, நீதான் எனக்கு வழித்துணையாக வரணும்" என்று வேண்டிக்கொள்கிறார். இறைவன் ஒரு காவல் வீரனாக வந்து அவரைப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது கதை.

இந்தக் கதையில் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். முதலில், வழியில் ஆபத்து இருக்கிறது என்று வியாபாரிக்குத் தெரியும். விசாரித்துத் தெரிந்துகொண்டிருக்கிறார். இரண்டாவது, "எனக்கு ஒன்றும் ஆகாது" என்று வீரம் பேசாமல் துணை கேட்கிறார். மூன்றாவதுதான் முக்கியம். வந்த துணை எப்படி வந்தது? வானத்திலிருந்து நெருப்பு விழுந்து கள்ளர்களை எரிக்கவில்லை. ஆள் வந்தார். பக்கத்திலேயே நடந்து வந்தார். நம் சாமி வழித்துணையாக வரும்போது பெரும்பாலும் மனித உருவத்தில்தான் வருகிறார்.

அருணகிரிநாதரும் கந்தர் அலங்காரத்தில், பயத்தோடு தனியே போகிறவனுக்கு வேலும் மயிலும் துணை என்ற கருத்தைப் பாடியிருக்கிறார். உயிர் போகும் கடைசிப் பயணத்தைத்தான் அது சொல்கிறது என்று பெரியவர்கள் விளக்கம் கொடுப்பார்கள். அது சரி. ஆனால் பாட்டில் அந்தப் பயத்தை அவர் மறைக்கவில்லை, பாருங்க. பக்தன் என்றால் பயமே வரக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. வள்ளுவரும் அறிவுடைமை அதிகாரத்தில், பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதுதான் அறிவாளிகள் செய்யும் வேலை என்கிறார். அடுத்த குறளிலேயே, வரப்போவதை முன்பே உணர்ந்து காத்துக்கொள்கிறவர்களுக்கு நடுங்கவைக்கும் துன்பம் வராது என்கிறார். இரண்டு குறளையும் அடுத்தடுத்து வைத்தது சும்மா இல்லை. பயம் வந்தால் அடுத்த வேலை முன்னேற்பாடு.

கவசம் ஒரு பட்டியல்

தேவராய சுவாமிகள் பாடிய கந்த சஷ்டி கவசம் நம்மில் பாதிப் பேருக்கு மனப்பாடம். பொறியியல் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அதன் அமைப்பு எனக்குப் புரிந்தது. "முருகா, என்னைக் காப்பாற்று" என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அப்படி முடிக்கவில்லை. நெற்றி, கண், காது, கழுத்து, மார்பு, முதுகு, விரல், பாதம் என்று ஒவ்வொரு உறுப்பாகப் பெயர் சொல்லி ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலைக் காவலாகக் கேட்கிறார். பிறகு பகல், இருட்டு, நடுச்சாமம் என்று நேரத்தைப் பிரித்துக் கேட்கிறார். அதற்குப் பிறகு ஆபத்துகளின் பெயர்கள் வருகின்றன. பேய் பிசாசு, புலி, நாய், தேள், பாம்பு, நோய் என்று எதையும் விடவில்லை.

எங்கள் வகுப்பிலும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். ஓர் இயந்திரத்தை வடிவமைக்கும்போது பாகம் பாகமாக எடுத்து, இது பழுதானால் என்ன ஆகும், அதற்கு மாற்று என்ன என்று அட்டவணை போட வேண்டும். ஒரே ஒரு பாகம் நின்றால் மொத்த இயந்திரமும் நின்றுவிடும் என்றால் அந்த வடிவமைப்பு தேறாது.

நம் பயணத்தில் அந்த ஒரே பாகம் எது? கைப்பேசி. டிக்கெட் அதில்தான். பணம் அதில்தான். வழி அதில்தான். அம்மாவின் எண்கூட நமக்கு மனப்பாடம் இல்லை. பேட்டரி தீர்ந்தால் எல்லாமே போச்சு. அதனால் கவசம் சொல்கிற மாதிரி உறுப்பு உறுப்பாகக் காவல் போடுங்கள்.

இரண்டு பேருடைய எண்ணை ஒரு தாளில் எழுதி, பணப்பை அல்லாத வேறு இடத்தில் வையுங்கள். ஐம்பது ரிங்கிட் ரொக்கத்தையும் அங்கேயே வையுங்கள். அடையாள அட்டையின் நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். பவர் பேங்கை முதல் நாளே ஏற்றி வையுங்கள்.

நேரத்துக்கும் காவல் போடுங்கள். பினாங்கிலிருந்து இரவு பஸ்ஸில் போனால் சில சமயம் விடியற்காலை நான்கு மணிக்கே கோலாலம்பூரில் இறக்கிவிடுவார்கள். முடிந்தால் வெளிச்சத்தில் போய்ச் சேருகிற பஸ்ஸாகப் பாருங்கள். முடியாவிட்டால், வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள நிலையத்துக்குள்ளேயே விடியும் வரை உட்காருங்கள். யாரோ ஒருவர் வெளியே கூப்பிட்டு, "வா தங்கச்சி, மலிவா கொண்டு போய் விடுறேன்" என்றால் வேண்டாம்.

கிராப் போன்ற சவாரி என்றால் கார் எண்ணும் ஓட்டுநர் படமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். உங்கள் பெயரை நீங்களே முதலில் சொல்லாதீர்கள். "யாரை ஏத்த வந்தீங்க?" என்று கேளுங்கள், அவர் சொல்லட்டும். பயண விவரத்தை வீட்டுக்குப் பகிரும் வசதி செயலியிலேயே இருக்கிறது. பின்சீட்டில் உட்காருங்கள். தங்கும் இடத்தின் அறை எண்ணையோ, தனியாக வந்திருக்கிறேன் என்பதையோ பக்கத்து சீட்டில் அறிமுகமானவரிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "அண்ணன் கூட்டிட்டுப் போக வர்றாரு" என்று சொன்னால் போதும். அது பொய்யாச்சே என்று சில பேர் யோசிப்பீர்கள். வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும் என்கிறார்.

கவசத்தைத் தினமும் சொல்கிறவர்களுக்கு இது புதுப் பழக்கம் இல்லை. வாயால் செய்துகொண்டிருப்பதைக் கையாலும் செய்யச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

அப்பருடைய கவலை

சரி, அம்மா அப்பாவின் கவலைக்கு வருவோம். கோளறு பதிகம் பிறந்த கதை உங்களுக்குத் தெரியும். திருமறைக்காட்டில் திருஞானசம்பந்தரும் அப்பரும் தங்கியிருக்கிறார்கள். மங்கையர்க்கரசியாரும் குலச்சிறையாரும் ஆளனுப்பி சம்பந்தரை மதுரைக்கு அழைக்கிறார்கள். அப்பர் வேண்டாம் என்கிறார். அங்கே எதிர்ப்பு கடுமையாக இருக்கிறது, நாளும் கோளும் சரியில்லை என்கிறார். வயதில் மூத்தவர், பட்டு அனுபவித்தவர். சம்பந்தர் பதிகம் பாடி அவரைச் சமாதானப்படுத்திவிட்டுக் கிளம்புகிறார். அப்பர் தானும் கூட வருவதாகச் சொல்கிறார். நீங்கள் இங்கேயே இருங்கள் என்று சம்பந்தர் கேட்டுக்கொள்கிறார்.

இந்தக் கதையைச் சொல்லி, "பதிகம் பாடினா போதும், ஒண்ணும் பார்க்க வேணாம்" என்பார்கள். சேக்கிழார் எழுதியதை முழுசாகப் பாருங்கள். சம்பந்தர் திடீரென்று கிளம்பிப் போகவில்லை. அழைப்பு இருந்தது. அவர் வருவது மதுரையில் தெரியும். எதிர்கொண்டு வரவேற்கக் குலச்சிறையார் காத்திருந்தார். தங்க மடம் தயாராக இருந்தது. அப்படி இருந்தும் அவர் தங்கிய மடத்துக்கு இரவில் தீ வைக்கப்பட்டது. பதிகம் பாடினால் ஆபத்தே வராது என்று பெரியபுராணம் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை.

இதில் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் இருக்கிறது. பெரியவர்கள் வேண்டாம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்து பதில் சொல்லுங்கள். எந்த பஸ், எத்தனை மணி, யார் வந்து கூப்பிடுவார், எங்கே தங்கல் என்று விவரமாகச் சொல்லுங்கள். பெற்றோர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அப்பர் பதிலைக் கேட்டார். கேட்ட பிறகு வழிவிட்டார்.

"பொம்பளப் பிள்ளை தனியா போறது நம்ம சமயத்துல இல்ல" என்று சொல்கிறவர்களிடம் காரைக்கால் அம்மையாரைப் பற்றிக் கேளுங்கள். வீட்டை விட்டுத் தன்னந்தனியாகக் கயிலாயம் வரை போனவர் அவர். இறைவன் அவரைப் பார்த்து, ஏன் தனியாக வந்தாய் என்று கேட்கவில்லை. அம்மா என்று அழைத்தான்.

சுந்தரர் கொடுத்த புகார்

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, வளாகத்திலிருந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் ஓர் ஆள் எங்கே இருக்கிறாய், எந்த பிளாட் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பதில் சொல்லாமல் எழுந்து முன்னால் போய் உட்கார்ந்தேன். நான் இறங்கிய நிறுத்தத்தில் அவரும் இறங்கினார். வீட்டுப் பக்கம் திரும்பாமல், வெளிச்சமாக இருந்த ஒரு கடைக்குள் போனேன். அங்கே வேலை செய்த மலாய்க்கார அக்காவிடம் இரண்டே வார்த்தைதான் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்துவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார். அப்பா வரும் வரை நின்றார். அன்றைக்கு எனக்கு வழித்துணைநாதர் துடோங் போட்டுக்கொண்டு வந்தார் என்றுதான் இன்றுவரை சொல்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு அதிகம் வலித்தது. உறவுக்காரர்கள் விஷயம் கேள்விப்பட்டு, "ஏன் அந்த நேரத்துல வந்தா? என்ன உடுப்பு போட்டிருந்தா? படிப்பை இங்கேயே பக்கத்துல மாத்திக்கச் சொல்லுங்க" என்றார்கள். பின்தொடர்ந்த ஆளைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. படிப்பே நின்றுவிடுமோ என்று சில நாள் இருந்தது. அப்பாதான் முடிவாகச் சொன்னார்: "தப்பு செஞ்சவன் வெளிய சுத்துறான், எம்பொண்ணு ஏன் வீட்ல உக்காரணும்?"

அந்த வாரம் எனக்கு ஆறுதலாக இருந்தது சுந்தரருடைய வரலாறு. சேரமான் பெருமாளிடம் நிறைய பரிசுப் பொருள்களைப் பெற்றுக்கொண்டு சுந்தரர் திரும்பி வருகிறார். கூடவே சுமையாட்கள் வருகிறார்கள். கொங்கு நாட்டில் அவிநாசிக்குப் பக்கத்தில் உள்ள திருமுருகன்பூண்டி வழியில் வேடர்கள் மறித்து எல்லாவற்றையும் பறித்துக்கொள்கிறார்கள். அந்த வேடர்களாக வந்தவர்கள் சிவபெருமான் அனுப்பிய பூதகணங்கள் என்பது புராணம். சுந்தரர் என்ன செய்தார்? வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டு ஊர் போய்ச் சேரவில்லை. நேராகத் திருமுருகன்பூண்டிக் கோயிலுக்குப் போனார். இந்த ஊரில் வேடர்கள் மிரட்டுகிறார்கள், அடிக்கிறார்கள், துணியைக்கூட உருவுகிறார்கள், இப்படிப்பட்ட இடத்தில் நீ எதற்கு இருக்கிறாய் என்று சாமியையே கேட்டுப் பதிகம் பாடினார். பறிபோன பொருள் கோயில் வாசலுக்குத் திரும்பி வந்தது.

அந்தப் பதிகத்தை ஒரு போலீஸ் புகார் மாதிரி படித்துப் பாருங்கள். எந்த இடம், யார், என்ன செய்தார்கள், பொறுப்பில் இருப்பவர் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறார், எல்லாம் இருக்கிறது. "நான் கவனமா இல்லாம போயிட்டேன்" என்று ஒரு வார்த்தை இல்லை. ஏன் அந்த வழியாகப் போனாய் என்று சேக்கிழாரும் கேட்கவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக அதைக் கோயிலில் நின்று பாடுகிறோம். வழியில் தீங்கு நடந்தால் வாய்விட்டுச் சொல் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

நம் நாட்டுச் சட்டமும் இன்று கேட்கத் தயாராக இருக்கிறது. பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம் 2022-ல் நிறைவேறியது. அதன்படி அமைந்த தீர்ப்பாயம் 2024 முதல் இயங்குகிறது. வழக்கறிஞர் இல்லாமலே முறையிடலாம். 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து அச்சுறுத்துவதைக் குற்றமாக்கி 2023-ல் தண்டனைச் சட்டத்தில் 507ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 3 ஆண்டு வரை சிறை கிடைக்கலாம். அவசரத்துக்கு 999. மகளிர் அமைச்சின் உதவி எண் 15999. இந்தியாவுக்குப் போனால் அங்கே 112. இவற்றையும் அந்தத் தாளில் எழுதி வையுங்கள்.

தம்பிகளே, உங்களுக்கும்தான்

இதெல்லாம் பெண்களுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். 2022 முதல் நாம் செய்தியில் பார்த்துவருவது என்ன? வெளிநாட்டில் கை நிறையச் சம்பளம் என்று சமூக ஊடகத்தில் வந்த விளம்பரத்தை நம்பித் தனியாகப் போன மலேசிய இளைஞர்கள் கம்போடியாவிலும் மியன்மாரிலும் அடைத்து வைக்கப்பட்டார்கள். தாய்லாந்து எல்லை வழியாக மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள் உண்டு. கடப்பிதழைப் பிடுங்கிக்கொண்டு, மற்றவர்களை ஏமாற்றும் மோசடி வேலையைச் செய்யச் சொல்லி அடித்திருக்கிறார்கள். அதில் நம் பிள்ளைகளும் இருந்தார்கள்.

படித்து முடித்து வேலை தேடும் நேரத்தில் இந்த வலை நம்மேலும் விழும். அனுபவம் வேண்டாம், சம்பளம் அதிகம், டிக்கெட் நாங்களே போடுறோம், சுற்றுலா விசாவில் வந்தால் போதும், வீட்டில் இப்போதைக்குச் சொல்லாதே. இப்படி யாராவது பேசினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீட்டில் சொல்லாதே என்கிறவன் உங்கள் வழித்துணையை முதலில் வெட்டுகிறான். கடப்பிதழை எந்த ஏஜெண்டு கையிலும் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக்குப் போகும் முன் வெளியுறவு அமைச்சின் இ-கொன்சுலர் தளத்தில் பதிவு செய்யுங்கள். நம் தூதரகத்துக்கு நாம் இருக்கும் இடம் தெரியட்டும்.

தண்ணீர்ப் பந்தல்

கடைசியாக நம் இயக்கத்துக்கு ஒரு வார்த்தை. திங்களூரில் அப்பூதியடிகள் என்று ஒருவர் இருந்தார். அப்பரை அவர் நேரில் பார்த்ததில்லை. ஆனால் வழிப்போக்கர்களுக்காகத் திருநாவுக்கரசர் பெயரிலேயே தண்ணீர்ப் பந்தல் வைத்தார். யார் என்று தெரியாதவர்களின் பயணத்தைக் கவனிப்பதே அவருக்குத் தொண்டு. அவரை நாயன்மார் வரிசையில் வைத்து வணங்குகிறோம். சத்திரம், சாவடி, சுமைதாங்கிக் கல் எல்லாமே அந்த வழியில் வந்தவைதான். நம் தாத்தா பாட்டிகள் கப்பலில் பினாங்குக்கு வந்து இறங்கியபோதும் முன்பே வந்த யாரோ ஒருவர் ஒரு வேளைச் சோறும் படுக்க ஓர் இடமும் கொடுத்திருப்பார். அதனால்தான் நாம் இன்று இங்கே இருக்கிறோம்.

தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம், மோர் கொடுக்கிறோம். மகிழ்ச்சி. அதே இரவில் 513 படி ஏறி இறங்கிவிட்டு ஒரு தங்கை தனியாகக் கார் நிறுத்திய இடம் வரை இருட்டில் நடக்கிறாள். அவளுக்கு என்ன பந்தல் போட்டோம்?

இரண்டு யோசனைகள் சொல்கிறேன். ஒன்று, நம் கிளைகள் ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணுமாக நான்கு பேர் திருவிழா இரவுகளில் அடையாளச் சட்டையோடு நின்று, கேட்கிறவர்களை பஸ் நிறுத்தம் வரை, கார் வரை கூட்டிப்போய் விடட்டும். இரண்டு, வெளியூரில் படிக்கப் போகும் ஒவ்வொரு தம்பி தங்கைக்கும் அந்த ஊரில் ஏற்கெனவே இருக்கும் நம் உறுப்பினர் ஒருவரின் எண் கையில் இருக்கட்டும். அவர்தான் குலச்சிறையார். பஸ் எப்போது வரும் என்று தெரிந்தவர், "சேர்ந்துட்டேன்" என்ற செய்தி புலனத்தில் வரும் வரை தூங்காதவர். செய்தி வராவிட்டால் கூப்பிட்டுப் பார்க்கிறவர், தேவைப்பட்டால் கிளம்பிப் போகிறவர்.

கேள்வி கேட்ட தங்கைக்கும் இதைத்தான் சொன்னேன். அம்மா மெசேஜ் கேட்பது நம்பிக்கை இல்லாததால் இல்லைம்மா. முருகன் உன் கூட வருவது உன் அம்மாவின் விழித்திருக்கும் கண் வழியாகவும்தான்.

விருப்பமுள்ளவர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கோலாலம்பூருக்குப் போகும் தங்கைக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. முதல் எண் அவளுக்குப் போகட்டும்.

வேலும் மயிலும் துணை.